மாடிப்படிக்குக் கீழே, பெண்சிங்கத்துக்காகக் காத்திருந்தது

ஆபிரிக்கக் காட்டில் ஆராய்ச்சிக்காகப் பல வருடங்கள் சிங்கங்களின் பின்னால் திரிந்தவள் நான். அம்மா செத்த பிறகு அப்பாவுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மூன்று மாத லீவில், லண்டன் குட்மேய்ஸில் அப்பா இருந்த வீட்டுக்கு வந்தேன். அது இரண்டு வருடமாக நீண்டுவிட்டது.

வேலையை நான் முற்றாக விடவில்லை. சிங்கங்களின் கழுத்தில் பூட்டிய காலர்கள் அவை நிற்கும் இடத்தை அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும். மேல்மாடிச் சின்ன அறையில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் செருகிய மேசையில் இருந்து, கணினித் திரையில் அந்தப் புள்ளிகளைப் பார்ப்பேன். எனக்கு மிஞ்சிய காடு அவ்வளவுதான். கீழே அப்பா இருமினால் இறங்கிப் போக வேண்டும். இருமாவிட்டால், ஏன் சத்தமில்லை என்று பார்க்க இறங்க வேண்டும். உள்ளூர்க் கவுன்சில் அனுப்பும் பராமரிப்புப் பெண் வந்தால்தான் கடைக்குக்கூடப் போகலாம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண்சிங்கத்தின் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. முதல் நாளும் அதே இடம். குட்டியாக இருந்த காலத்திலிருந்தே அவளை எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கே மூன்று குட்டிகள். தண்ணீர் இல்லாத அந்த இடத்தில் அவள் இவ்வளவு நேரம் கிடக்க மாட்டாள். முகாமில் என்னோடு வேலை செய்த அந்த நாட்டுத் தோழிக்கு உடனே போன் எடுத்தேன். அவள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "மான் பிடிக்க வைத்த கம்பிச் சுருக்கு. கழுத்தில் இறுகி, மறுமுனை மரத்தில் கட்டியிருக்கிறது. காலர் கொஞ்சம் தடுத்ததால்தான் உயிரோடு இருக்கிறாள். குட்டிகள் மூன்றும் பக்கத்தில் புல்லுக்குள் நிற்கின்றன. மிருக வைத்தியர் மயக்க ஊசியோடு வந்துகொண்டிருக்கிறார். நீ போனிலேயே இரு, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது."

அந்த நேரம் பார்த்து வீட்டு மணி அடித்தது. பராமரிப்புப் பெண்தான். போனைக் காதில் வைத்தபடியே கீழே ஓடினேன். அப்பா கதிரையை இழுத்துக் கதவோடு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். பூட்டில் இருந்த திறப்பைக் காணவில்லை.

"ஆமி வந்திட்டான். சத்தம் போடாதை பிள்ளை."

"அப்பா, அது உங்களைப் பாக்க வாற பிள்ளை."

அப்பா என் கையிலிருந்த போனைப் பறித்து, அழைப்பைத் துண்டித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். என்னை இழுத்துக்கொண்டு போய், மாடிப்படிக்குக் கீழே, தூசி உறிஞ்சும் ஹூவர் வைக்கும் சின்ன அறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்தினார். இளவயதில் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டு அடிவாங்கியவர். அதை அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. என் கையை அவர் விடவில்லை. கையை உதறிவிட்டு வெளியே போக எனக்கு மனம் வரவில்லை.

மணி திரும்பத் திரும்ப அடித்து ஓய்ந்தது. அவருடைய சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. எடுக்கப் போனேன். மற்றக் கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆரோட கதைச்சனி?"

"என்னோட வேலை செய்யிறவளோட. அங்கை ஒரு பெண்சிங்கம் கம்பியிலை மாட்டியிட்டுது, அப்பா."

"உயிரோடையோ?"

"ஓம்."

"பிள்ளையள்?"

"மூண்டு குட்டி. பக்கத்திலை புல்லுக்குள்ளை நிக்குதுகள்."

அவர் என் காதருகே குனிந்தார். "சத்தம் போடாமல் இருக்கச் சொல்லு."

தூசியும் சப்பாத்து மணமுமாக மூச்சு முட்டியது. முழங்காலை நீட்ட இடமில்லை. அங்கே ஊசி போட்டார்களா, அவள் மிரண்டு கம்பியை இழுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டாளா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பாவின் பிடி தளர்ந்து, தலை என் தோளில் சாய்ந்தது. உறங்கிவிட்டார். மெதுவாகப் போனை உருவித் தோழியை அழைத்தேன்.

"எங்கே போனாய்?" தோழி அழுதுகொண்டிருந்தாள். "கம்பியை வெட்டியாயிற்று. காயத்துக்காகக் காலரையும் கழற்றிவிட்டார்கள். எழுந்து நடந்தாள். குட்டிகளைக் கூப்பிட்டாள். இரண்டுதான் வந்தன."

மூன்றாவது குட்டி பிறகும் அகப்படவில்லை. காலர் இல்லாததால் அவளும் என் திரையிலிருந்து போய்விட்டாள். சில வாரங்கள் கழித்துத் தோழி ஒரு படம் அனுப்பினாள். அந்தப் பெண்சிங்கம், கழுத்தில் வழுக்கையாய் ஒரு தழும்போடு, நிழலில் படுத்திருந்தாள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"வடிவான நாய். இது ஆரின்ரை?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

காட்டில் அடுத்த மழைக்காலம் தொடங்க முன்னமே, முகாமில் என் இடத்தைத் தோழிக்கே கொடுக்கச் சொல்லி மேலிடத்தில் பேசினேன். "திரும்பி வருவாய்தானே? எப்போது?" என்று கேட்டாள். நான் எப்போது போவேன் என்று யோசிக்கத் தொடங்கினால், அப்பா எப்போது போவார் என்று யோசிப்பதில்தான் அது போய் முடிந்தது. அதனால் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.