‘டேய்’ போட்டுக் கூப்பிடும் பெட்டி

அறுபத்து நான்கு வயதான, ஹஜ்ஜும் செய்து முடித்த, மூன்று பிள்ளைகளுக்கு வாப்பாவான என்னை, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெட்டி “டேய்” என்று கூப்பிடுகிறது. தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருக்கும் சின்ன விளையாட்டுப் பெட்டி அது. அதனோடு வந்த பட்டியைத் தொடையில் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்கவேண்டும். “செட் டேய்” என்றால் நான் உட்காரவேண்டும். “ரைஸ் டேய்” என்றால் எழும்பவேண்டும். நோர்வேக்காரரின் பேச்சில் ‘டேய்’ என்றால் ‘உன்னை’ என்று அர்த்தமாம். உன்னை இருத்து, உன்னை எழுப்பு என்றுதான் அவர்கள் இருக்கச் சொல்வதும் எழும்பச் சொல்வதும். இலக்கணம் எனக்கு விளங்கிவிட்டது, கோபம்தான் இறங்கவில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் என் வயதுக்காரனை ‘டேய்’ என்று கூப்பிட வாப்பா உயிரோடிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூடப் படித்தவனாக இருக்கவேண்டும்.

முதலில் அப்படிக் கூப்பிட்டது பெட்டியல்ல, இங்ரிட். இருபது வருடம் இங்கே நோர்வேயில் மீன் தொழிற்சாலையின் ஈரத்தில் நின்றதில் என் முழங்கால் இரண்டிலும் மூட்டுவாதம் வந்து குடியேறிவிட்டது. உடற்பயிற்சி வைத்தியம் செய்யும் இங்ரிட்டிடம் அனுப்பினார்கள். என் மகளிலும் இளையவள். கதவைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “செட் டேய்!” என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு இருக்கவே முடியாதென்று எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. பிறகு, “உங்கள் இலக்கு என்ன?” என்று கேட்டாள். இந்த நாட்டில் முழங்காலுக்கும் இலக்கு வேண்டும். மலை ஏறவேண்டும், பனியில் சறுக்கவேண்டும் என்று மற்றவர்கள் சொல்வார்களாம்.

“தரையில் இருந்து சாப்பிடவேண்டும்” என்றேன்.

“வீட்டில் மேசை இல்லையா?”

“மேசை இருக்கிறது. ஆனால் ஆறு பேர் ஒரு தட்டில் சாப்பிடவேண்டும்.”

“ஆறு பேருக்கும் ஒரே தட்டா?” அவளுடைய முகம் இரங்கிவிட்டது. நான் புறப்படும்போது பயிற்சிப் பெட்டியோடு, நகரசபையின் வறியோர் உதவிப் பிரிவின் முகவரியையும் எழுதிக் கையில் தந்தாள்.

அவளைக் குறை சொல்லமுடியாது. சஹனை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? பெரிய தட்டு நிறையப் புரியாணி, நடுவில் கோழி, சுற்றிவரப் பாயில் ஆறு பேர். ஐந்து பேர் இருந்தால் “இஞ்ச ஓராள் குறையிது!” என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தி, ஆறாவது ஆளைப் பிடித்து இருத்திய பிறகுதான் பிஸ்மி சொல்லிக் கைவைப்பார்கள். பள்ளிக்கூடக் காலம் தொட்டு நாங்கள் ஆறு பேர் ஒரு சஹன். எந்தக் கலியாண வீட்டிலும் எங்களைப் பிரித்து இருத்த யாராலும் முடிந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது ஒரு கலியாணத்தில் என்னால் பாயில் இருக்க முடியவில்லை. பாதி வளைந்து, பாதியில் நின்று, “யா அல்லாஹ்” என்று நிமிர்ந்துவிட்டேன். மரியாதையாகக் கூட்டிப்போய், வங்கி மனேஜருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, தனித் தட்டும் தந்தார்கள். கூடவே ஒரு கரண்டியும். அந்தக் கரண்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அங்கே பாயில், என் இடத்தில் யாரோ ஒரு மருமகப்பிள்ளையை இருத்தி அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொழுகையைக் கதிரையில் தொழலாம், மார்க்கம் அதற்கு இடம் தந்திருக்கிறது. சஹனுக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது.

என் வலது முழங்காலுக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. பதினாறு வயதில் ஆறு பேரும் சைக்கிளில் இறக்காமத்துக்கு, எங்களில் ஒருவனான லத்தீபின் மாமாவுடைய வயலுக்குப் போனோம். பொழுதுபடும் மஃரிபு நேரம் வரம்பில் திரும்பி வரும்போது நான் சறுக்கிச் சேற்றில் விழுந்தேன். முழங்கால் பிசகிவிட்டது. எழும்ப ஏலாதென்று கிடந்து அழுதேன். அப்போது தூரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்து அசைந்து வந்தது. லத்தீப் கத்தினான்: “எழும்புடா டேய், யானை!” நான் எழும்பியது மட்டுமல்ல, ஐந்து பேரையும் முந்திக்கொண்டு ஓடினேன். வந்தது வைக்கோல் ஏற்றிய உழவு மிசின். ஓட்டிவந்தவர் லத்தீபின் மாமாவேதான். அதற்குப் பிறகு எங்களில் எவன் சோம்பிக் கிடந்தாலும், பரீட்சையில் கோட்டைவிட்டுப் படுத்துக் கிடந்தாலும், அவனை எழுப்ப எங்களுக்கு அந்த ஒரு வசனம் போதும்.

இப்போது என்னை எழுப்புவது பெட்டி. திரையில் அரைக்காற்சட்டை போட்ட ஒரு கிழவன் நிற்பான், அவன்தான் நானாம். கோழிகள் முட்டையிட்டுக்கொண்டே ஓடும். நான் வளைந்து உட்கார்ந்தால் அவன் ஒரு முட்டையைப் பொறுக்குவான். எழும்பினால் கூடையில் போடுவான். நான் பாதியில் நின்றால் முட்டை உடையும், கோழி திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். முதலில் உயரக் கதிரை, பிறகு முக்காலி, பிறகு தலையணை இரண்டு, கடைசியில் வெறுந்தரை. தெருவெல்லாம் கண்ணாடியாக உறைந்துபோய்க் கிடந்த மாதங்களில் வீட்டுக்குள்ளே நான் முட்டை பொறுக்கினேன். சரியாகச் செய்தால் பெட்டி “ப்ரா!” என்று பாராட்டும். நல்லது என்று அர்த்தம். என் மனைவி பரீதா அதைக் கேட்ட முதல்நாள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

“என்ன இது, விடிஞ்சா எழும்பினா வெக்கங்கெட்ட கதை?”

“அது ‘கெட்டிக்காரன்’ எண்டு சொல்லுது.”

“ஓம், ஓம். இந்த வயசில உங்களுக்கு முட்ட பொறுக்கின கெட்டித்தனம் ஒண்டுதான் குற.”

சொல்லிவிட்டுப் போனாளே தவிர, அடுத்த கிழமை தலையணைகளை எடுத்து வைத்தது அவள்தான். முட்டை உடைந்தால் குசினிக்குள்ளிருந்து “ச்சே” என்று ஒரு சத்தமும் வரத் தொடங்கியது.

பெட்டி வந்த ஏழாவது மாதம் லத்தீப் தொலைபேசியில் வந்தான். மகளுக்குக் கலியாணம். “ஹாஜியார், நீங்க கட்டாயம் வரணும். ஒங்களுக்கு ஒரு குறையும் இல்லாம நான் கவனிப்பன்” என்றான். என் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டு ஒளிந்துகொண்டவன் பேசுகிற பேச்சா இது? ஹஜ்ஜுக்குப் போனதாலா, நோர்வேக்குப் போனதாலா, எப்போதிருந்து ‘நீங்க’ ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐவரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். பாயில் இருந்துவிட்டால் இதுவும் சரியாகிவிடும் என்று நம்பினேன். அன்றைக்கு இருபது முட்டை கூடுதலாகப் பொறுக்கினேன்.

கலியாணத்தன்று வசதியாகச் சாறன் உடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்து பாயைத் தேடினேன். ஒரு பாயும் இல்லை. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு சஹன், சுற்றி ஆறு கதிரைகள். எங்கள் ஐவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். ஒருவனுடைய ஊன்றுகோல் கதிரையில் சாய்ந்திருந்தது. இன்னொருவன் காலை நீட்டி வைத்திருந்தான்.

“பாய் எங்க?” என்றேன்.

“இப்ப ஆருக்கு ஹாஜியார் கீழ இரிக்க ஏலும்?” என்றான் லத்தீப். “எல்லாருக்கும் முழங்கால் போச்சி. இப்ப எல்லாக் கலியாணமும் கதிரதான். வாங்க, இரிங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஏழு மாதம்! எத்தனை கோழியின் ஏச்சுப் பார்வை! “எனக்கு ஏலும்” என்றேன். “சும்மா கதைக்காதீங்க” என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சாறனை ஒதுக்கி, கை ஊன்றாமல், இரண்டு மேசைக்கு நடுவில் மெதுவாக இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வட்டிலப்பம் சுமந்து வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். “ஹாஜியார் விழுந்துட்டார்!” என்று யாரோ கத்தினார்கள். இன்னொருவர் தண்ணீரோடு ஓடிவந்தார். பெண்கள் பக்கம் இருந்த பரீதாவுக்குச் செய்தி போய்ச்சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எழும்பவேண்டும். வீட்டில் கம்பளம், இங்கே வழுக்குகிற மாபிள். வீட்டில் பெட்டி சொல்லும், இங்கே சொல்ல ஆளில்லை. ஒரு தரம் உன்னினேன், முழங்கால் கேட்கவில்லை. “புடிங்க, ஹாஜியாரப் புடிங்க” என்று நான்கு பக்கத்திலிருந்தும் கைகள் வந்தன. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. அந்தக் கைகள் என்னைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நான் இந்த ஊருக்கு விருந்தாளிதான். காலம் முழுக்கக் கரண்டிதான்.

“எழும்புடா டேய், யானை!”

லத்தீப்தான். மகளுடைய கலியாணம், சம்பந்தி வீட்டார் முழுப்பேரும் பார்த்திருக்க, கதிரையில் இருந்தபடி பதினாறு வயதுக் குரலில் கத்தினான். நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று முழங்காலைத்தான் கேட்கவேண்டும். ஐவரும் மேசையில் அடித்துச் சிரித்ததில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுக்க அந்த மேசையில் ஏலுமாயிருந்தவன் நான் ஒருவன்தான். பிறகு கதிரையில் இருந்தே சாப்பிட்டோம். “தள்ளி இரிடா.” “கோழிய இங்கால தள்ளுடா டேய்.” யாரும் கரண்டி தரவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து இரண்டு கிழமை. இங்ரிட் இலக்கு என்னவாயிற்று என்று கேட்டாள். “அங்கே இப்போது மேசை வந்துவிட்டது” என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டாள். ஒவ்வொருவருக்கும் தட்டும் வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னாள்.

இன்று காலை பட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தேன். “ரைஸ் டேய்” என்றது பெட்டி. கால் அசைய மறுத்தது. இந்தப் பெட்டிக்கு ‘டேய்’ மட்டும்தான் தெரியும், மிச்சம் தெரியாது. யன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி, முகப்பு முழுக்க வெண்பனியோடு, அசைந்து அசைந்து தெருவில் வந்துகொண்டிருந்தது. “யானை” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழும்பினேன்.