குங்குமம் பட்ட சான்றிதழ்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் என் அண்ணியின் சான்றிதழ் இருந்தது. கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, சாமி படங்களைவிடக் கொஞ்சம் பெரியதாகவே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களை அண்ணி அதற்கு நேர் எதிரே உட்காரவைத்துத்தான் காப்பி கொடுப்பார். வந்தவர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் அவருக்குப் பொறுக்காது. "அதுவா? அது நான் மெட்ராஸ்ல படிச்சு வாங்குனது" என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். அடக்கம் என்பது அண்ணிக்குக் கொஞ்சமும் வராத குணம். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

அந்தச் சான்றிதழின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிவப்புக் கறை இருக்கும். அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணி நாகப்பட்டினத்துக்காரர். சென்னையில் தமிழிலேயே மருத்துவச்சிப் படிப்பு முடித்து ஊர் திரும்பிய வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. அவருடைய அம்மா, வீட்டிலிருந்த புத்தகங்களோடு மகளின் சான்றிதழையும் அடுக்கி, ஈரச் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்துவிட்டார். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் எது முக்கியமான இடம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. கீழே வட்டமாக இருந்த ஆஸ்பத்திரி முத்திரை மேலும், அதை ஒட்டியிருந்த பெரிய டாக்டரின் கையெழுத்து மேலும், சாமி நெற்றியில் வைப்பதுபோலப் பெருவிரலால் அழுத்தி வைத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை. முத்திரையும் போயிற்று, கையெழுத்தும் போயிற்று.

ஊரில் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அண்ணி யார் மகள், எங்கே படித்தார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் வினை. இங்கே பிரசவம் பார்க்க வேண்டுமானால் அரசாங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போன அண்ணியிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரி, கறையைச் சுட்டிக்காட்டி, "இது என்ன, ரத்தமா?" என்று கேட்டாராம். முத்திரை தெரியாத தாள் வெறும் தாள், சென்னைக்கு எழுதி நகல் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் உடனே எழுதிப் போட்டார். நகல் வருவதற்குள் யுத்தம் வந்து, கப்பலும் தபாலும் நின்றுபோயின.

பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு, நாங்கள் நகலுக்குக் காத்திருந்த சமயத்தில் இடுப்புவலி கண்டது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் கத்துவது அடுப்படிவரை கேட்டது. பதியாமல் பிரசவம் பார்த்தால் போலீஸ் கேஸாகும் என்று அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அண்ணி சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார். "இந்தச் சத்தம் சரியில்லீங்க. தலை திரும்பல. யாராச்சும் அவளை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்களேன்" என்று எங்களிடம் கெஞ்சினார். கடைசியில் பதிந்த மருத்துவச்சி ஒருவர் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அண்ணி அன்று சாப்பிடவில்லை. "ஊர்ல எனக்குக் கையிருந்துச்சு. இங்க இறங்குனதும் யாரோ வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நான் அப்போது சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, டைப்ரைட்டிங் கற்று, ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் வேலையில் இருந்தேன். தலைக்கனம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஜப்பான்காரர்கள் வந்த மாதமே அதெல்லாம் இறங்கிவிட்டது. ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றினார்கள். கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். என் ஆங்கிலத்தை யாரும் சீந்தவில்லை. அண்ணியாவது கடல் தாண்டி வந்து படிப்பை இழந்தார். நான் பிறந்த தெருவிலேயே உட்கார்ந்துகொண்டு இழந்தேன். நாடு என் காலுக்கடியில் மாறிக்கொண்டது. வளர்ந்த பெண் நான், குழந்தைபோல ஜப்பானிய எழுத்தைச் சுழித்துச் சுழித்து எழுதிப் பழகினேன். அண்ணி எட்டிப் பார்த்து, "இப்ப தெரியுதா லா?" என்பார். வந்த கொஞ்ச காலத்திலேயே இந்த ஊர்க்காரர்கள்போலப் பேச்சின் முடிவில் லா போடக் கற்றுக்கொண்டிருந்தார், அதுவும் என்னைக் கேலி செய்வதற்கென்றே.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஜப்பான்காரர்கள் நடத்திய மகப்பேறு நிலையத்துக்கு மருத்துவச்சிகள் வேண்டும் என்று செய்தி வந்தது. அண்ணன் தயங்கினார். தெருவில் பிடித்தவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று எல்லோரும் நினைத்தோம். அண்ணி சட்டத்தைக் கழற்றிச் சான்றிதழை வெளியே எடுத்தார். "இவனும் இல்லைன்னுட்டா அடுப்படிதான். கேட்டுட்டு வந்து அடுப்படியில உக்காந்துக்கறேன்" என்றார். துணைக்கு நான் போனேன்.

அங்கிருந்த ஜப்பானிய டாக்டர் வயதானவர், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். தாளை வாங்கி, மேலே இருந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டு, நேராகக் கீழே பார்த்தார். அவர் சிவப்புக் கறையை விரலால் தொட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையாட்டி, "நல்ல முத்திரை" என்றார். ஜப்பான்காரர்களின் முத்திரையெல்லாம் சிவப்பு மையில்தான் இருக்கும் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அவர்கள் கையெழுத்தைவிடச் சிவப்பு வட்டத்தைத்தான் பெரிதாக மதிப்பார்கள். நாகப்பட்டினத்து அம்மாளின் பெருவிரல் அளவுக்கு அழகான வட்டம் அவர் பார்த்திருக்க மாட்டார்.

"என்ன சொல்றாரு?"

"முத்திரை நல்லா இருக்காம்."

"எது, அதுவா? அது எங்கம்மா வச்ச குங்குமம்னு சொல்லும்மா!"

அண்ணிக்குப் படித்த பெருமை எவ்வளவு உண்டோ அவ்வளவு உண்மை பேசும் வியாதியும் உண்டு. மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்துவிட்டு, டாக்டரிடம், "மிகவும் நன்றி என்கிறார்" என்றேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் டாக்டரும் தாளை மட்டும் நம்புகிறவர் இல்லை. உள்ளே ஒரு மலாய்ப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து, வலியெடுத்துக் களைத்துக் கிடந்தாள். அங்கே போ என்று கை காட்டிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அண்ணி வளையலைக் கழற்றி என்னிடம் தந்தார். கையைக் கழுவினார். அந்தப் பெண்ணின் வயிற்றைத் தடவிப் பார்த்ததும் அவர் முகமே மாறியது. எங்கள் வீட்டு அடுப்படியில் நின்ற அண்ணி இல்லை இது. திரும்பாமலே, "மலாய்ல முக்குன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். கன்னிமாடப் பள்ளிக்கூடத்தில் படித்த, கல்யாணமாகாத எனக்கு அது எப்படித் தெரியும்? விழித்தேன். சுவரோரம் நின்ற அந்தப் பெண்ணின் தாய்தான், "தெரான்! தெரான்!" என்று கத்தினாள். அண்ணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தெரான் என்று அதட்டினார், தெரான் என்று கொஞ்சினார், நாகப்பட்டினத்து ராகத்தில் இழுத்து இழுத்துச் சொன்னார். குழந்தை வந்தது. அழவில்லை. அண்ணி துணி சுற்றிய விரலால் அதன் வாயைத் துடைத்து, தலையைச் சாய்த்துப் பிடித்து, முதுகைத் தேய்த்தார். அது அழ ஆரம்பித்ததும் வாசலில் டாக்டர், "நாளை முதல் வா" என்றார். என்னையும் பார்த்து, "நீயும்" என்றார். பெயர் எழுத ஆள் இல்லையாம்.

இப்படித்தான் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போனது. காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்தால் அறை விழும். சயாமுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் கத்தரிக்கோலும் நூலும் கொதித்துக்கொண்டிருக்கும். அண்ணி மலாயில் திட்டுவார், தமிழில் தாலாட்டுவார், சீனப் பெண்களுக்குச் சைகையிலேயே எல்லாம் சொல்லிவிடுவார். எல்லோரும் அவரை, இங்கே நர்ஸைக் கூப்பிடுவதுபோல, 'மிஸ்ஸி' என்றார்கள். ஆனால் பிறப்புப் பதிவில் கையெழுத்துப் போடுவது மட்டும் டாக்டர்தான். உதவிக்கு நின்றவர்கள் பெயர் அதில் வராது. பதிவை எழுதியவள் நான் என்பதால், எழுதும்போதெல்லாம் அண்ணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். ஜப்பான்காரன் கொடுத்த அனுமதி எதுவும் செல்லாது என்றார்கள். அண்ணி மறுபடியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தமுறை மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஜப்பான்காரர்களின் சிறைமுகாமிலிருந்து வெளியே வந்து எலும்பும் தோலுமாய் இருந்த ஓர் ஆங்கிலேயத் தலைமை நர்ஸ், மேட்ரன். யார் உனக்கு அனுமதி கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி தன் காலை இழுத்துத் தூரமாக வைத்துக்கொண்டார். இந்தமுறை மிதி வாங்க அவர் தயாராக இல்லை. குங்குமக் கதையை முதலிலிருந்து சொல்லவைத்து, முடிவில் இதையும் சொல்லச் சொன்னார்: "முத்திரை பொய்யா இருக்கலாம் மேடம். அதுக்கப்புறம் பொறந்த புள்ளைங்கள்ல ஒண்ணுகூடப் பொய்யில்ல. தெருத்தெருவா ஓடிக்கிட்டிருக்கு, போய்ப் பாத்துக்குங்க."

மேட்ரன் சிரித்தார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "அனுமதி தர முடியாது. பரீட்சை வைக்க முடியும்" என்றார். வாய்மொழிப் பரீட்சை, ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லலாம். எலும்புகளின் ஆங்கிலப் பெயர்களை இரவு பகலாக அண்ணிக்கு நான் ஒப்பிக்க வைத்தேன். அவற்றில் பாதியை அவர் கடைசிவரை சரியாக உச்சரிக்கவில்லை. மலாயில்தான் பதில் சொன்னார், தேறினார்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை வயிற்றில் இருந்தது. பஃபலோ ரோட்டு வீட்டிலேயே அண்ணிதான் பிரசவம் பார்த்தார். தெரான் என்று என்னையும் அதட்டினார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றுதான் முழுதாகப் புரிந்தது. பையனைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, பிறப்பை அறிவிக்கும் தாளை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் அவர் முதல்முறையாகத் தம் பெயரை எழுதவேண்டும். பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "என்னண்ணி?" என்றேன். "இரும்மா, தப்பாயிடப் போவுது" என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, தம் முழுப்பெயரையும் எழுதினார்.