ஓநாய் வாயில் வைத்த கை

துபாய் கராமாவில் எங்கள் அறையில் கட்டில் ஆறு, கணினி ஒன்று. கணினி, எனக்கு மேல்கட்டிலில் படுத்த புதுக்கோட்டை எலக்ட்ரீஷியனுடையது. வெள்ளிக்கிழமைகளில் அதில் சண்டை விளையாட்டு ஆடுவான். திரையில் வரும் வீரர்களை நான் எண்ணிக்கொண்டிருப்பேன். கம்பெனி ஸ்டோர் என் பொறுப்பு. எண்ணாவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் ஒரு வீரனுக்கு மட்டும் வலக்கையைக் காணோம். படம் போட்டவன் தப்புப் பண்ணிவிட்டானா என்று கேட்டேன்.

"அவரு சாமி சார். நார்வே பக்கத்துச் சாமி. கைய ஓநாய் கடிச்சிருச்சு," என்றான் திரும்பாமல்.

சாமியின் கையை ஓநாய் கடிக்குமா? மறுநாள் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து படித்தேன்.

தேவர்கள் ஓர் ஓநாய்க் குட்டியை வளர்த்தார்கள். பெரிதானதும் பயந்துபோய்க் கட்டிப்போடப் பார்த்தார்கள். இரண்டு சங்கிலிகளை அது அறுத்தது. மூன்றாவது, நாடா போன்ற கயிறு: பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில், ஆக ஆறு பொருள். எல்லாம் உலகில் இல்லாதவையாம். கரடிக்கு நரம்பு உண்டே என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.

சும்மா விளையாட்டுக்குத்தான் கட்டுகிறோம் என்றார்கள். அப்படியானால் ஒருவர் என் வாயில் கை வையுங்கள் என்றது ஓநாய். ஒருவர்தான் வைத்தார். கயிறு அறவில்லை, கை போயிற்று. ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமைக்கு அவர் பெயராம். வாராவாரம் டைம்ஷீட்டில் அவரைத்தான் எழுதிவந்திருக்கிறேன்.

கை போகும் என்று தெரிந்தே ஏன் வைத்தார்? அறையில் எல்லோரிடமும் கேட்டேன். பெருசுக்குப் பொழுது போகவில்லை என்றார்கள்.

அந்த மாதம் புதுக்கோட்டைக்காரனின் அம்மாவுக்கு ஆபரேஷன். எங்கள் கம்பெனியில், ஊருக்குப் போகிறவன் திரும்பும்வரை இன்னொருவர் தன் பாஸ்போர்ட்டை ஆபீசில் ஜாமீனாகக் கொடுக்க வேண்டும். அவன் லீவு முடிந்த கையோடு என் மகள் கல்யாணம். அவன் வராவிட்டால் நான் போக முடியாது. கல்யாணத்தோடு ஊரிலேயே இருந்துவிடும் யோசனையும் எனக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அறையில் மற்ற நான்கு பேரும் நழுவினார்கள். அவன் என் கட்டிலருகே வந்து நின்றான். "நீங்கதான் சார் கை வைக்கணும்."

குட்டியிலிருந்து அந்த ஓநாய்க்குத் தைரியமாகச் சோறு வைத்தது அந்த ஒரு சாமிதான் என்றும் படித்திருந்தேன். எனக்கும் அவனுக்கும் ஒரே சமையல். கொடுத்துவிட்டேன்.

பிறகு தினமும் போன் போட்டு அவன் உயிரை வாங்கினேன். எரிச்சலோடு பேசினாலும், சொன்ன தேதிக்கு வந்து நின்றான். அம்மாவுக்குத் தேவலையாம்.

என் முறை வந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவன் பாஸ்போர்ட் என் தலையணைமேல் இருந்தது. "இப்ப என் கை சார். கடிச்சிராதீங்க," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை என்னைச் சாமி என்றே எண்ணிவந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்தது. போதும், இங்கேயே இருங்கள் என்றாள் மனைவி. ஓநாய்க் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"ஏமாத்துனது அவங்க. ஓநாய் என்ன பண்ணுச்சு?"

அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. துபாய்க்குத் திரும்பியதும் புதுக்கோட்டைக்காரனின் பாஸ்போர்ட்டை ஆபீசிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் கேட்டதைத்தான் அவனிடம் முதலில் கேட்டேன்.