பச்சை ஏரியின் படம்

வெக்ஸ்போர்ட் பிசியோதெரபி நிலையத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பயிற்சி செய்தவர் அவர். அறுபது வயதிருக்கும், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். இருவருக்கும் முழங்கால் மாற்றி ஒரு மாதம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் எனக்கும் காட்டினார். எரிமலை வாயில் ஒரு பச்சை ஏரி.

"எல் சல்வடோர். சின்ன நாடு, ஆனா எங்க பாத்தாலும் எரிமலை, அருவி. போன வருசம் நொண்டி நொண்டி ஏறினனான்."

"ஆரோட?"

"எல்லாரையும் கேட்டன், ஒருத்தரும் வரேல்லை. தனியப் போனன். தை மாசம் திரும்பப் போறன். நீங்களும் வாறீங்களோ?"

எனக்கு வயிறு எரிந்தது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நயாகரா போனதைத் தவிர எங்கும் போகாதவள் நான்.

"எனக்கு மலையெல்லாம் பிடிக்காது" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். இன்னொருதரம் கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் அவர்மேல் கோபம் வருகிறது.