மணல் மூட்டையும் மேஸ்திரியின் இடுப்பும்

மூட்டை தூக்கும் தொழிலில் முதலில் தேய்வது இடுப்பு, அதற்கும் முன்னால் தேய்வது மரியாதை. என் மரியாதையைத் தேய்த்தவர் மேஸ்திரி பொன்ராசு. ஆறு வருஷத்துக்கு முன்னால், உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி வாசலில், கூட்டாளிகள் பன்னிரண்டு பேர் பார்க்க, "உமக்கு இடுப்பு போச்சுவே, வீட்டுல போய் வெங்காயம் உரியும்" என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் இந்தப் பயிற்சி. ஜிம்மில் இரும்பு பிடித்த இடத்தில் நிற்கும். மூட்டை நிற்காது, சரியும். அதனால் தொளதொளவென்று கட்டிய மணல் மூட்டை, பாதி தண்ணீர் விட்ட கேன், இவைதான் என் சாமான்கள். ஒரு வருஷத்தில் நிமிர்ந்தேன். பழைய கூட்டாளிகளே காலையில் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்கு வர ஆரம்பித்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அதே பன்னிரண்டு பேர் முன்னால் மேஸ்திரி "நான் சொன்னது தப்பு" என்று சொல்லவேண்டும். இடுப்பு வலியோடு சோறு தின்கிற உங்களுக்கு என் ஆசை புரியும்.

பழக்க தோஷம்

முதல் நாள் முப்பது மணல் மூட்டைகளைக் காட்டி, "தோளில் வைத்து நடங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லாரும் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். மூட்டை ஒன்றுகூட இல்லை. உப்புக்காக நின்ற லாரியில் அழகாக அடுக்கி, தார்ப்பாய் கட்டி, அனுப்பியே விட்டார்கள்! தோளில் மூட்டை ஏறினால் எங்கள் கால் தானாக லாரியைத் தேடும்.

மத்தியானம் எட்டயபுரத்திலிருந்து டிரைவர் விசாரித்து என்னைப் போனில் பிடித்தான். "அண்ணாச்சி, கடைக்காரர் நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிக்கிட்டே இருக்காரு. இத இங்கன எறக்கவா, திருப்பிக் கொண்டாரவா?"

மூச்சு

சங்கு குளிக்கிற கஸ்பார் காலுக்குத் தெம்பு வேண்டும் என்று வந்தான். மூட்டையோடு மூச்சை அடக்கி வேப்பமரம் வரை நடக்கச் சொன்னேன். மரத்தைத் தாண்டினான். ரோட்டைத் தாண்டினான். முகம் நாவல்பழமாகிவிட்டது. நாங்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். டீக்கடை பெஞ்சில் முட்டித்தான் நின்றான்.

கடலுக்குள் இருக்கிறவனை மேலே வரச்சொல்ல வள்ளத்திலிருந்து கயிற்றைச் சுண்டுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? பெஞ்சில் மல்லாந்து கிடந்தபடி சொல்கிறான்: "நீரு கயித்த இழுக்கவே இல்லையே அண்ணாச்சி, நான் எப்படி மூச்சு விடுவேன்?"

மேஸ்திரி வந்தார்

போன தை மாதம் மேஸ்திரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குணமானால் பன்னிரண்டு பேர் முன்னாலும் தப்பை ஒத்துக்கொள்வதாகச் செந்தூர் முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தண்ணீர்க் கேனைக் கையில் கொடுத்தேன்.

உள்ளே தண்ணீர் ஆட ஆட, கேன் அவரை வலப்பக்கம் சுவர் வரை இழுத்தது. பிறகு இடப்பக்கம் திருப்பி ஆட்டுக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. நடுவில் நின்று கத்தினார்: "என்னவே, இந்தக் கேனுக்குள்ள எவன்வே இருக்கான்?"

சத்தியம்

மூன்று மாதத்தில் ஆள் நிமிர்ந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னிரண்டு பேரையும் கூட்டினேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டேன். மேஸ்திரி ஐம்பது கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்து, பொட்டலை ஒரு சுற்று சுற்றி இறக்கினார். விசில் பறந்தது. என் தோளில் கையைப் போட்டார், தொண்டையைக் கனைத்தார்.

"ஏலே, இவர அன்னைக்கு நான் நிறுத்தலன்னா இந்தப் பயிற்சி உங்களுக்குக் கெடச்சிருக்குமா? எல்லாரும் எனக்கு ஒரு கைதட்டு தட்டுங்கலே!"

பொட்டல் அதிரத் தட்டிய கைகளில் என் கையும் இருந்ததுகூடப் பரவாயில்லை, "தப்பு" என்கிற அந்த ஒரு சொல் மட்டும் அவரிடமிருந்து எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.