எதால் வகுபடும்?

புதுப்பட்டினத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, ஒரு கணக்கு வாத்தியார் மூலைக் கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான மனிதர். தினமும் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று திரையைப் பார்ப்பார். பல லட்சம் இலக்கம் கொண்ட ஓர் எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்தானா என்று சோதிக்கும் புரோகிராம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் ஓடி, பகா எண் இல்லை என்று முடிந்தது.

"அப்ப எதால சார் வகுபடுது?" என்றேன்.

"அதை இது சொல்லாதுப்பா. இது வகுத்துப் பாக்கறதில்ல, வேற வழியில சோதிக்குது. வகுபடும்னு மட்டும்தான் சொல்லும்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இன்னா சார் பேஜாரு! இதுக்கா கஸ்டமர எல்லாம் திருப்பி அனுப்பிகினு இருந்தேன்?"

அவர் அடுத்த எண்ணைக் கொடுத்து ஓடவிட்டுக் கிளம்பினார். எதால் வகுபடும் என்றே தெரியாமல் அந்த மனிதரால் எப்படி நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.