அஸீஸா ராத்தா கழற்றிய பிளக்

அஸீஸா ராத்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுப் பெருநாளைக்கு முதல்நாள் போய் நின்றால், "நாளைக்குப் பெருநாளெண்டு இப்பதான் ஒனக்கு ஆரும் செல்லினாங்களா?" என்று கேட்பார். ஆனால் சட்டை தைத்து, மடித்து, மெசினுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். அவருடைய புருஷன் பக்கீர் முகைதீன் சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றும் லொறி ஓட்டியவர். வீட்டுக்குக் கரண்ட் எடுத்த கையோடு கண்ணை மூடி மவுத்தாகிப் போனார். பிறகு அந்தத் தையல் மெசினும் ராத்தாவின் வாயும்தான் மகள் நதீராவை வளர்த்தெடுத்தன. நான் எதிர் வீட்டுக்காரன், அதனால் இரண்டின் சத்தமும் எனக்குப் பழக்கம்.

அந்த வாய் ஒரேயொரு ஆளுக்கு முன்னால்தான் அடங்கும். அவர் ராத்தாவின் கூடப்பிறந்த அண்ணன், ராத்தா காக்கா என்று கூப்பிடும் முகைதீன்பாவா. எங்கள் ஊர்களில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் உண்டு. குடியில் ஒரு வழக்கு, ஒரு கலியாணம் என்று வந்தால் அவர்தான் முன்னுக்கு நின்று பேச வேண்டும். ராத்தாவின் குடிக்கு அந்த மரைக்காயர் முகைதீன்பாவாதான். "காக்கா செல்லிட்டார்" என்று ராத்தா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வேறு எவன் சொன்னாலும் நூறு கேள்வி கேட்கிற மனுசி அவர்.

ராத்தாவின் வீட்டு வளவை ஒட்டித்தான் எங்கள் தெருவின் சின்னப் பள்ளி. எழுபத்தேழில் அந்தப் பள்ளிக்குக் கரண்ட் இல்லை. நோன்பு வந்தால் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் வியர்த்து வழிந்துதான் தொழுகை. ஒருநாள் முகைதீன்பாவா வந்து, "தங்கச்சி, ஒன்ட முன்னறைச் சுவர்ல வெளிப்பக்கமா ஒரு பிளக் பொயின்ட் அடிச்சா, நாலு பல்ப்பும் ஸ்பீக்கரும் போடலாம்" என்றார். ராத்தா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அல்லாஹ்வுக்காக அடிங்க காக்கா" என்றார். வயறிங் வேலை செய்கிற நேசராசா வந்து, பள்ளியைப் பார்த்தபடி அந்தப் பிளக்கை அடித்து, மழை படாமல் மேலே ஒரு தகரமும் வைத்துவிட்டுப் போனார். சூறாவளி வந்து ஊரையே புரட்டிப்போட்ட வருடம் தகரம் பறந்தது, பிளக் நின்றது.

எண்பத்தொன்றில் பள்ளிக்குச் சொந்தமாகக் கரண்ட் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிளக்கை ஒருவரும் தேடவில்லை. மாரி மழைக்குச் சுவர் ஊறினால் அந்த இடத்தில் கை வைக்க முடியாது, சுள்ளென்று இழுக்கும். ராத்தாவுக்கு அதைக் கழற்றிவிட ஆசைதான். ஆனால் பள்ளிக்கென்று நிய்யத்து வைத்துக் கொடுத்த சாமான். கொடுத்ததைத் திருப்பி எடுத்த குற்றம் வந்துவிடுமோ என்று பயம். நாய்க்கும் பேய்க்கும் பயப்படாதவர் இதற்குப் பயந்தார்.

எண்பத்துநாலில் நதீராவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. பேசியவரும் முகைதீன்பாவாதான். மாப்பிள்ளையின் தகப்பன் அப்துல் ஸமட், முகைதீன்பாவாவின் மனைவிக்கு உடன்பிறந்தவர். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவான். ராத்தாவிடம் இருந்தது ரோட்டுப் பக்கம் ஒரு முன்னறையும் பின்னால் ஒரு அறையும் சமைக்கிற குசினியும். முன்னறை மகளுக்கும் மருமகனுக்கும், பின்னறை தனக்கும் மெசினுக்கும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கு வருமானத்துக்காக ரோட்டோரம் கடைகள் கட்டுகிற கதை கிளம்பியது. கூடவே இன்னொரு கதையும் வந்தது: அஸீஸாவின் முன்னறை பள்ளிக்குக் கொடுத்த அறையாம், பிளக் இருக்கிறதே சாட்சிக்கு!

ராத்தா கொதித்துப்போய் முகைதீன்பாவாவிடம் ஓடினார். அவர் அமைதியாக வீட்டுக்கு வந்தார், முன்னறையில் உட்கார்ந்தார்.

"பொறகு ஏன் அத வெச்சிட்டிரிக்காய்? களட்டிப் போடு. பாக்க வாற பள்ளி ஆக்களுக்குக் காட்ட ஒண்டும் இரிக்காதே" என்றார்.

"பள்ளிக்கெண்டு குடுத்தத களட்டலாமா காக்கா?"

"பள்ளிக்குத்தான் சொந்தக் கரண்ட் வந்திட்டே. ஒரு குத்தமும் இல்ல. மரைக்காயர் நான் செல்லுறன், நீ களட்டு."

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நதீரா இதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். பிற்காலத்தில் எனக்குச் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் காலை நேசராசாவை முகைதீன்பாவாவே கூட்டி வந்தார். நேசராசா அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் அந்தப் பிளக்கில் வயர் மாட்டிய ஒரு பல்ப்பைச் செருகி எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. உள்ளே போய் மெயின் சுவிச்சை நிறுத்தி, பியூஸையும் பிடுங்கி முகைதீன்பாவாவின் கையில் கொடுத்தார்.

"மரைக்காயர், இது உங்கட சேர்ட்டுப் பைக்குள்ள இரிக்கட்டும். நான் செல்லுமட்டும் ஆரு கேட்டாலும் குடுக்காதீங்க. இவடத்த விட்டு அசையவும் வேணாம்."

"நீ பயப்படாம வேலையப் பாரு" என்று முகைதீன்பாவா மெயின் சுவிச்சுக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பல்ப் அணைந்துவிட்டது. நேசராசா அதோடு நம்பிவிடவில்லை. மூடியைத் திறந்து டெஸ்டரை ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பார்த்தார். அதற்கு முன்னர் டெஸ்டர் நல்ல டெஸ்டர்தானா என்று எங்கள் வீட்டில் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் கழற்றினார்.

"வயரச் சுருட்டி உள்ளுக்கு வெச்சுப் பூசினா என்ன தம்பி?" என்று ராத்தா கேட்டார்.

"ஐயோ ராத்தா, நாளைக்கு உங்கட மருமகன் படம் மாட்ட அவடத்த ஆணி அடிச்சா?" என்று சிரித்தார் நேசராசா. ஏணி வைத்துக் கூரையடிக்கு ஏறி, அந்த வயர் பிரிகிற பெட்டியைத் திறந்து, அங்கேயே இணைப்பை விடுவித்து, அந்தத் துண்டு வயரை முழுவதுமாக இழுத்தெடுத்தார். பெட்டிக்குள் மிச்ச வயர்களை மறுபடி இறுக்கி மூடினார். சுவரிலிருந்த பலகையையும் எடுத்து, ஓட்டைக்கு சீமெந்து பூசினார். எல்லாம் முடிந்த பிறகுதான் பியூஸைக் கேட்டு வாங்கிப் போட்டார். வீட்டு விளக்குகள் ஒழுங்காக எரிந்தன.

முகைதீன்பாவா அந்த ஈரச் சீமெந்தைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். ராத்தா அவருக்கு முட்டை பொரித்துச் சோறு கொடுத்தார். காக்கா இருக்கும்வரை தனக்கென்ன குறை என்று அன்றைக்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்காரர்கள் வளவுக்கு வந்தார்கள். தெரு ஆட்களும் நின்றோம். சம்பந்தி அப்துல் ஸமட்டும் வந்து ஒரு கதிரையில் இருந்தார். நேசராசா இல்லை. முகைதீன்பாவா பொத்துவிலில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்து அவரை முதல்நாளே அனுப்பியிருந்தார்.

தலைமை மரைக்காயர் கலந்தர் நேர்மையான மனுசன். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பிளக் குடுத்தா ஒரு அறை குடுத்ததாகுமா? இதென்ன கதை?" என்றார். ராத்தாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வாசல் திரைச்சீலைக்கு அருகில் நின்றவர், அடுத்ததாகத் தன் காக்கா பேசுவார் என்று அவரைப் பார்த்தார்.

முகைதீன்பாவா பேசினார்தான்.

"அறையோட சேத்துத்தான் குடுத்தா. அல்லாஹ்வுக்காகக் குடுக்கன் எண்டு எனக்கிட்டத்தான் செல்லினா. கூடப்பிறந்தவ எண்டதுக்காக நான் பொய் செல்ல ஏலுமா? அறை அவவுக்குரியதெண்டா, நாம பாக்க வாறத்துக்கு முன்னுக்கு ஏன் பிளக்க வேரோட களட்டி சீமெந்து பூசினா?"

கலந்தர் மரைக்காயரின் முகம் மாறிவிட்டது. "பள்ளிக்குக் குடுத்த சாமானக் களட்டினீங்களா மகள்? ஆரக் கேட்டுக் களட்டினீங்க?" என்றார்.

ராத்தா காக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்தே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "யோசிச்சுக் கதை தங்கச்சி. சம்பந்தியாக்களும் கேட்டுட்டு இரிக்காங்க."

இதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. சம்பந்தி அவருடைய மச்சான். முகைதீன்பாவாவைப் பொய்யன் என்று சபையில் சொன்னால் மகளின் கலியாணம் அந்த இடத்திலேயே முறியும். அவரே நின்று கழற்றுவித்ததைக் கண்ட நானும் அதற்குப் பயந்துதான் நின்றேன். நதீரா சீலைக்குப் பின்னால் வாயைத் திறக்கப் போனாள். ராத்தா பின்பக்கமாகக் கையை நீட்டி மகளின் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"ஓம். பள்ளிட சாமான்தான்" என்றார். "ஆரையும் கேக்கல்ல. நாந்தான் களட்டினன்."

முன்னறை போயிற்று. பின்னறையும் குசினியும் போதும் என்று சம்பந்தியைச் சம்மதிக்க வைத்தவரும் முகைதீன்பாவாதான். மரைக்காயருக்குப் பெரிய மனசு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். முன்னறையை இடித்த இடத்தில் எழுந்த கடை முகைதீன்பாவாவின் மூத்த மகனுக்குக் கிடைத்தது. அந்தக் கடை திறந்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ராத்தாவுக்கு அது அந்த வெள்ளிக்கிழமையே விளங்கியிருக்க வேண்டும்.

கலியாணம் சொன்ன திகதியில் நடந்தது. பகல் சாப்பாட்டுக்கு முகைதீன்பாவா உள்வீட்டில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். ராத்தாதான் அவருக்கு முன்னால் சோற்றுத் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

"சாப்புடுங்க மரைக்காயர்."

முகைதீன்பாவா நிமிர்ந்து பார்த்தார். கிட்ட இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னகா இது புதுசா? காக்கா எண்டு கூப்பிடு."

"காக்கா மவுத்தாகிட்டார்" என்றார் ராத்தா. "கறி ஆறுது. நீங்க சாப்புடுங்க."